எல்லையோர வாசகர்களின் உலாவிக் கேள்விகள்

கேள்வி: மலையாளம் பேசினால் நன்றாகப் புரிகிறது; எழுத்துதான் தெரியாது. பஞ்சாயத்து அறிவிப்பு எதுவானாலும் பிறரிடம் கொடுத்தே வாசிக்கச் சொல்கிறேன். இதற்கு ஏற்ற உலாவி உண்டா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: உண்டு. பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் தமிழ்வழியில் படித்தவர்கள் பலருக்கும் உள்ள சிக்கல் இது. காதுக்குப் பழகிய மொழி என்பதால், மொழிபெயர்ப்பைவிட வாசித்துக் காட்டும் வசதியே உங்களுக்குப் பொருந்தும் என்பேன். மைக்ரோசாஃப்ட் எட்ஜில் பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோல், ஷிப்ட், யு ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால், உரக்க வாசிப்பதற்கான பட்டை மேலே தோன்றும். அதிலுள்ள குரல் தேர்வில் மலையாளக் குரலைத் தேர்ந்தெடுத்து, வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். இணைய இணைப்பு இருக்க வேண்டும்.

பிடிஎஃப் கோப்புகளில் மட்டும் கவனம் தேவை. ஒரு வரியை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். மலையாள எழுத்தாகவே விழுந்தால் கவலையில்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து விழுந்தால், அது யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தயாரானது, குரல் அதைப் பிதற்றலாகவே வாசிக்கும். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது பெரும்பாலும் ஸ்கேன் செய்த படமாக இருக்கும். இவ்விரண்டு வகைக்கும் மனிதர் உதவியே நம்பகமானது.

கேள்வி: எங்கள் நிலப் பதிவுகள் தெலுங்கில் உள்ளன. உலாவியின் தமிழ் மொழிபெயர்ப்பை நம்பலாமா?
– வாசகர், நகரி

பதில்: பக்கத்தின் போக்கைப் புரிந்துகொள்ள நம்பலாம், நிலப் பதிவு ஆவணங்களான அடங்கலையும் 1பி படிவத்தையும் சரிபார்க்க நம்பக் கூடாது. குரோம், எட்ஜ் இரண்டிலும் பக்கத்தின் மேல் வலச்சொடுக்கினால் மொழிபெயர்க்கும் வசதி கிடைக்கும். ஆனால் ஆள் பெயரையும் ஊர்ப் பெயரையும் சாதாரணச் சொல்லாகக் கருதி அது மொழிபெயர்த்துவிடக்கூடும் என்பதால், தெலுங்கு மூலத்தை மற்றொரு சாளரத்தில் திறந்துவைத்து, சர்வே எண்ணையும் பரப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரு மாநிலத் தளங்களையும் அடிக்கடி ஒப்பிடுபவர் என்றால், பல தாவல்களை ஒரே சாளரத்தில் அருகருகே அடுக்கும் விவால்டி என்ற உலாவியை அவசியம் முயன்று பாருங்கள்.

கேள்வி: கடையில் விண்டோஸ் 7 கணினிதான் இருக்கிறது. குரோம் புதுப்பிக்க மறுக்கிறது.
– வாசகர், செங்கோட்டை

பதில்: விண்டோஸ் 7-இல் இயங்கிய கடைசிக் குரோம் பதிப்பு 109, அது 2023 ஜனவரியில் வந்தது. பயர்பாக்ஸ் உலாவியின் 115 இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவு) பதிப்பு அதில் இயங்கும். நிறுவியதும் குரோமிலுள்ள புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் இறக்குமதி செய்துகொள்ளலாம். உலாவியை மாற்றினாலும் விண்டோஸ் பழையதுதான். ஆகவே வங்கி வேலையை அந்தக் கணினியில் செய்யாதீர்கள்.

கேள்வி: மலைப்பகுதியில் சிக்னல் குறைவு. கைபேசிக்கு எந்த உலாவி?
– வாசகர், குமுளி

பதில்: ஓபரா மினி. பக்கங்களைத் தன் சர்வரில் சுருக்கி அனுப்புவதால் டேட்டா மிச்சமாகும். உச்ச அளவில் சுருக்கும்போது நீங்கள் தட்டெழுதுவதும் அந்தச் சர்வர் வழியாகவே செல்கிறது. செய்தி வாசிக்க அது போதும், கடவுச்சொல் கேட்கும் பக்கங்களுக்கு வழக்கமான உலாவியைத் திறந்துகொள்ளுங்கள்.