துபாய் பழைய நகரம்: எந்தக் கரையில் தொடங்குவது?

கேள்வி: டிசம்பரில் அப்பா, அம்மாவோடு துபாய் போகிறேன். ஒரே ஒரு மாலைதான் மிச்சம் இருக்கும். அதற்குள் பழைய நகரையும் கடைவீதிகளையும் பார்க்க முடியுமா? அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மா தங்கம் வாங்க ஆசைப்படுகிறார். (திருச்சி வாசகி)

பதில்: தாராளமாக முடியும். எந்தக் கரையில் தொடங்குகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. க்ரீக் என்ற கடற்கழி பழைய ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் பர் துபாய், எதிர்ப்பக்கம் தேரா. பலரும் தங்கக்கடை ஆசையில் நேரே தேராவில் இறங்கி, அங்கேயே கால் ஓய்ந்து, மறுகரையைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பர் துபாயில் தொடங்குங்கள். சூக் என்ற பழைய சந்தைகளில் பல கடைகள் மதியம் அடைத்து, நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும். அந்த நேரத்தை இந்தக் கரையில் கழித்துவிடலாம்.

மூன்று மணி வாக்கில் டாக்சி பிடித்து அல் ஃபஹீதி குடியிருப்புக்குப் போங்கள். பழைய ஆட்களிடம் பஸ்தகியா என்று கேட்டால்தான் புரியும். ஈரானின் பஸ்தக் ஊரிலிருந்து வந்த வணிகர்கள் குடியேறியதால் வந்த பெயர் அது. பவளக்கல்லும் ஜிப்சமும் வைத்துக் கட்டிய வீடுகள். மேலே நிற்கும் சதுரக் கோபுரங்கள் வெறும் அலங்காரம் அல்ல, மின்சாரம் வருமுன் இருந்த ஏசி! நான்கு பக்கமும் திறப்பு, உள்ளே குறுக்காகத் தடுப்புச் சுவர். எந்தத் திசையில் காற்று அடித்தாலும் அது தடுப்பில் மோதிக் கீழே அறைக்கு இறங்கும். அறையின் சூடான காற்று மறுபக்கமாக மேலேறிப் போகும். சந்துகளைக் குறுகலாக வைத்ததும் நிழலுக்காகத்தான். அப்பா உட்கார முற்றத்தோடு கூடிய தேநீர்க் கடைகள் உண்டு. பக்கத்தில் அல் சீஃப் என்று பழமை போலவே ஒரு வீதி இருக்கும். அது 2017-ல் திறந்தது. படம் எடுக்க நன்றாக இருக்கும், நேரம் குறைவென்றால் விட்டுவிடலாம்.

அப்புறம் ஆப்ரா என்ற மரப்படகில் மறுகரை. ஆளுக்கு ஒரு திர்ஹாம், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடப் பயணம்தான், ஆனால் துபாயில் எனக்கு மிகப் பிடித்தது இதுவே. படகு ஆடும், பக்கவாட்டில் கைப்பிடி கிடையாது. அதனால் அப்பாவை முதலில் ஏற்றி, நடுப் பலகையில் உட்கார வையுங்கள்.

தேராவில் இறங்கியதும் மசாலா சூக். காய்ந்த எலுமிச்சை, குந்திரிக்கம், ஈரானியக் குங்குமப்பூ என்று மூட்டை மூட்டையாக இருக்கும். குங்குமப்பூவில் மட்டும் கவனம். ஒரு இழையைத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். அசல் என்றால் மெல்ல மஞ்சள் இறங்கும், இழை சிவப்பாகவே இருக்கும். போட்ட உடனே சிவப்பு கொட்டினால் சாயம். இங்கே பேரம் பேசாமல் வாங்கினால் கடைக்காரருக்கே சப்பென்று இருக்கும்.

தங்கச் சூக்கில் கணக்கு வேறு. அன்றைய கிராம் விலையைப் பலகையில் போட்டிருப்பார்கள், அதில் பேரம் இல்லை. குறைக்க முடிந்தது செய்கூலி மட்டுமே, அங்கே கூச்சப்படாமல் பேசுங்கள். 5 சதவீத வாட் வரி உண்டு. சுற்றுலாப் பயணி என்று சொல்லி, பாஸ்போர்ட்டைக் காட்டிக் கடையிலேயே பதிந்தால், விமான நிலையத்தில் அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

அம்மாவிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: இந்தியாவுக்குச் சுங்கத் தீர்வையில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புபவர்களுக்குத்தான். ஒரு வாரம் போய்வருபவருக்கு இல்லை. 2024 ஜூலையில் இந்தியா தங்க இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்ததும் விலை வித்தியாசம் சுருங்கிவிட்டது. தீர்வையும் செய்கூலியும் சேர்த்துப் பார்த்தால், திருச்சிக் கடையே தேவலை என்று தோன்றலாம். பிடித்த டிசைனில் சின்னதாக ஒன்று வாங்குவது வேறு விஷயம்.

‘வாட்ச், வாட்ச்’ என்று காதருகே வருபவர்களுக்குப் பதிலே சொல்ல வேண்டாம், நடந்துகொண்டே இருங்கள். திரும்ப, கோல்ட் சூக் மெட்ரோ நிலையம் இருக்கிறது. ஆனால் அவ்வளவு நடந்த பிறகு அப்பாவின் முழங்காலுக்கு டாக்சிதான் சரி.