சல்லிவன்னு பேர் இருந்தா போதுமா? எந்த சல்லிவன்னு கண்டுபிடிக்கற வழி

அமெரிக்காவுல இருக்கற ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "என் வீட்டுக்காரர் குடும்பப் பேர் சல்லிவன். அவரோட கொள்ளுத்தாத்தா ஜெரமையா, ஐயர்லாந்துல கார்க் கவுண்டியில இருந்து 1890கள்ல வந்து மொன்டானாவுல பியூட் ஊர்ல செம்புச் சுரங்கத்துல வேலை பாத்தாராம். அதுக்கு மேல வீட்டுல யாருக்கும் தெரியல. எந்த கிராமம்னு எப்படி கண்டுபிடிக்கறது? நம்ம ஊட்டி சல்லிவன் இவங்களுக்கு சொந்தமா?"

ஊட்டிய முதல்ல முடிச்சுடலாம். கோயம்புத்தூர் கலெக்டரா இருந்து ஊட்டிய உருவாக்குன ஜான் சல்லிவன் 1788ல லண்டன்ல பிறந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகக் குடும்பம். பேர் ஒண்ணா இருக்குங்கறத வச்சு சொந்தம் கொண்டாட முடியாதுங்க, ஏன்னா ஐயர்லாந்துல மர்ஃபி, கெல்லிக்கு அடுத்து அதிகமா இருக்கற பேரே இதுதான். 1890ல பேர்கள வச்சு போட்ட கணக்குலயே சுமார் 43,600 சல்லிவன் வந்துச்சு, அதுல பெரும்பாலானவங்க கார்க், கெர்ரி ரெண்டு கவுண்டிக்குள்ளயே.

ஆனா நீங்க "பியூட்"னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது. கார்க், சல்லிவன், பியூட் மூணும் சேந்து வந்தா நான் கண்ண மூடிட்டு பேரா தீபகற்பத்துலதான் தேட ஆரம்பிப்பேன். கார்க் கவுண்டியோட மேற்கு ஓரத்துல கடலுக்குள்ள நீட்டிட்டு இருக்கற பாறை நிலம், காசில்டவுன்பேர், அலிஹீஸ், ஐரீஸ்னு ஊருங்க.

இந்த சல்லிவன் குடும்பம் ஆதியில அங்க இல்ல. டிப்பரரி பக்கம் நல்ல வயக்காட்டுல இருந்தவங்க, 12ஆம் நூற்றாண்டு கடைசியில நார்மன்காரங்க வந்து அழுத்தவும் தென்மேற்கு மூலைக்கு நகந்துட்டாங்க. கென்மேர் பக்கம் ஒரு கிளை, பேராவுல ஒரு கிளை. பேரா கிளையோட தலைவர் டோனல் காம், 1602ல அவரோட டன்பாய் கோட்டை இங்கிலீஷ்காரங்ககிட்ட விழுந்தப்புறம் டிசம்பர் 31 அன்னைக்கு க்ளென்காரிஃப்ல இருந்து சுமார் 1,000 பேரோட வடக்க நடந்தார், ரெண்டு வாரம் கழிச்சு லீட்ரிம் போய் சேந்தப்ப கூட இருந்தது 35 பேர். அப்புறம் ஸ்பெயின் போயிட்டார், 1618ல மாட்ரிட்ல கொல்லப்பட்டார். ஆன்லைன்ல பாக்கற சல்லிவன் வம்ச மரம் பாதி இவர்கிட்டதான் போய் முட்டும், நடுவுல இருநூறு வருஷத்துக்கு ஒரு பேப்பர் இருக்காது. அத எல்லாம் காப்பி பண்ணாதீங்க, ப்ளீஸ்.

உங்க ஜெரமையாவுக்கு சம்பந்தப்பட்ட கதை 1812ல ஆரம்பிக்குது. அந்த வருஷம் பக்ஸ்லினு ஒரு ஜமீன் குடும்பம் அலிஹீஸ்ல செம்புச் சுரங்கம் திறந்தாங்க, குத்தகை நிலத்துல உருளைக்கிழங்கு போட்டுட்டு இருந்த ஜனங்க சுரங்கத்துக்குள்ள இறங்குனாங்க. சுரங்கம் தேய ஆரம்பிச்சதும் கொஞ்ச பேர் மிச்சிகன் செம்புச் சுரங்கத்துக்கு போனாங்க, 1880கள்ல இங்க மூடுனப்ப அங்க பியூட்ல கரண்ட் கம்பிக்காக செம்புக்கு செம டிமாண்ட், போதாததுக்கு அங்க அனகோண்டாங்கற செம்புச் சுரங்கக் கம்பெனிய நடத்துன மார்கஸ் டேலியே கேவன் கவுண்டியில பிறந்த ஐரிஷ்காரர். அண்ணன் போய் தம்பிய கூப்பிட, தம்பி போய் மச்சான கூப்பிட, 1908 பியூட் டைரக்டரியில ஸ்மித்த விட சல்லிவன் ஜாஸ்தி ஆயிடுச்சு.

தேடறப்ப எல்லாரும் நேரா ஐயர்லாந்து ரெக்கார்ட்ல குதிப்பாங்க. வேணாம். காசில்டவுன் பதிவு மாவட்டத்துல ஜெரமையா சல்லிவன்னு போட்டா வரிசையா வந்து நிக்கும், அதுல அம்மா பேரும் "முன்னாள் சல்லிவன்"னு இருக்கும், ஏன்னா சல்லிவனும் சல்லிவனும் கட்டிக்கறது அங்க சகஜம். அதனால அமெரிக்கா பக்கம் முழுசா கறந்துட்டுதான் கடல தாண்டணும். மொன்டானா கல்யாண ரெக்கார்ட்ல அப்பா பேரும் அம்மாவோட பிறந்த வீட்டுப் பேரும் பெரும்பாலும் இருக்கும், அது முதல்ல வேணும். அப்புறம் இறப்பு சர்டிபிகேட், பேப்பர்ல வந்த இரங்கல் செய்தி, 1917-18 ராணுவப் பதிவு அட்டை. பியூட் சில்வர் போ ஆவணக் காப்பகத்துல ஐரிஷ் சங்கங்களோட மெம்பர் புக்கே இருக்கு, அவங்களுக்கு ஒரு மெயில் போடுங்க. 1917 ஜூன் 8 கிரானைட் மவுண்டன் சுரங்கத் தீயில 168 பேர் செத்தாங்க, அந்த வருஷத்தோட அவர் தடம் நிக்குதுன்னா அந்த லிஸ்டையும் பாருங்க. அவர மட்டும் தேடாதீங்க, கூடப் பிறந்தவங்க, கல்யாண சாட்சி, ஒரே போர்டிங் வீட்டுல தங்குனவங்க எல்லாரையும் எழுதி வைங்க, பாதி பேர் ஒரே கிராமமாத்தான் இருப்பாங்க.

அப்பா அம்மா பேர் ரெண்டும் கைக்கு வந்ததும் ஐயர்லாந்து அரசாங்கத்தோட ஐரிஷ் ஜீனியாலஜி சைட்டுக்கு போங்க, ஃப்ரீதான். எல்லா மதத்துக்கும் பிறப்பு இறப்பு பதிவு 1864ல இருந்து இருக்கு, ஒரிஜினல் பக்கத்தோட படமும் வரும். அதுக்கு முந்தி வேணும்னா சர்ச் ஞானஸ்நானப் புத்தகம், 1880 வரைக்கும் தேசிய நூலகம் ஆன்லைன்ல போட்டிருக்கு. இதுல ஒரு குழப்பம் வரும், அலிஹீஸ்னு கத்தோலிக்கப் பங்கு இருக்கு ஆனா அரசாங்கக் கணக்குல அதே இடம் கில்னமனா, அதே மாதிரி ஐரீஸ்னா கில்கேத்தரின். பேரும் மாறும், ஜெரமையா ஒரு இடத்துல டார்பி, டிமோத்திக்கு இன்னொரு இடத்துல "தேடி" (Thady)ன்னு பேர் இருக்கும். ஃப்ளாரன்ஸ்னு பாத்தா பொண்ணுனு தள்ளிடாதீங்க, கார்க் கெர்ரியில அது ஆம்பளப் பேர். முன்னால "ஓ" (ஓ'சல்லிவன்) இருக்கா இல்லையாங்கறத கண்டுக்கவே வேண்டாம், ஒரே ஆள் ரெண்டு விதமாவும் இருப்பார்.

இவ்வளவு சல்லிவன் இருந்தா ஊருக்குள்ள எப்படி கூப்பிடுவாங்கன்னா, பட்டப்பேர்தான். ருவானா செம்பட்டத் தலை, பான்னா வெளுத்தவன், இப்படி கிளைக்கு ஒண்ணு. இல்லனா நம்ம இனிஷியல் மாதிரி அப்பா பேர், தாத்தா பேர ஒட்டிக்கறது. 1847ல இருந்து 1864க்குள்ள எடுத்த கிரிஃபித் நில மதிப்பீட்டுல சல்லிவன் பக்கத்துல சில இடத்துல இந்தப் பட்டப்பேரும் எழுதியிருக்கும். அதனால வீட்டுல வயசான அத்தை யாராவது இருந்தா "நம்மள எந்த சல்லிவன்னு சொல்லுவாங்க"ன்னு கேட்டுப் பாருங்க, அவங்க சும்மா கேலிப் பேர்னு நினைச்சு மறந்திருக்கற வார்த்தைதான் கிராமத்தையே காட்டிக் குடுக்கும்.

1922க்கு முந்தி எடுத்த மக்கள்தொகை கணக்கெடுப்புல முழுசா மிச்சம் இருக்கறது 1901, 1911 ரெண்டுதான். பழசுல கொஞ்சத்த அரசாங்கமே அழிச்சுது, மீதி 1922ல டப்ளின்ல ஆவணக் காப்பகம் இருந்த ஃபோர் கோர்ட்ஸ் கட்டிடத் தீயில போச்சு. உங்க ஆள் அதுக்குள்ள கிளம்பிட்டாலும் 1901ல அவரோட அப்பா அம்மா அதே வீட்டுல உக்காந்திருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அத வச்சு வீடு இருந்த டவுன்லேண்ட் (அங்க பங்குக்குள்ள இருக்கற சின்ன நிலப் பிரிவு) வரைக்கும் போயிடலாம்.

டிஎன்ஏ டெஸ்ட் கடைசியா பண்ணுங்க. பேராவுல உள்ளுக்குள்ளயே கட்டிக்கிட்டதால நாலாவது கசின்னு காட்டறவர் உண்மையில இன்னும் தூரமா இருப்பார், நாலு வழியில சொந்தமா இருக்கறதால அப்படி தெரியும். நீங்க கேக்கல, ஆனா இத கேக்காத ஆள் இல்ல: ஐரிஷ் பாஸ்போர்ட்டுக்கு தாத்தா பாட்டி அங்க பிறந்திருந்தா வழி உண்டு, கொள்ளுத்தாத்தாவ மட்டும் வச்சு பொதுவா கிடைக்காது.

கல்யாண ரெக்கார்ட் வந்ததும் அதுல மாப்பிள்ளை, பொண்ணு ரெண்டு பக்கத்து அப்பா அம்மா பேரையும், சாட்சி பேரையும் சேத்து எழுதி அனுப்புங்க, எந்தப் பங்குல ஆரம்பிக்கலாம்னு பாத்து சொல்றேன்.