பணம் குடுத்தவங்க கணக்கு கேட்டா தப்பா?

கேள்வி: பெங்களூர்ல ஐடி வேலை பாக்குற என் மகன் மாசாமாசம் அமெரிக்காவுல ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பணம் அனுப்புறான். ஏஐ கைமீறிப் போனா மனுசனுக்கு என்ன ஆகும்னு ஆராய்ச்சி பண்றாங்களாம். அன்னதானம்னா சாப்பிட்டவங்களக் கண்ணால பாக்கலாம். இவங்க காச என்ன பண்றாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, திருமங்கலம்

பதில்: டீச்சர், பாயின்ட்டக் கரெக்டா புடிச்சுட்டீங்க. நம்ம அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976-ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது, அவங்ககிட்டப் போய் எத்தனை ஆபரேசன் பண்ணீங்க, அதுல ஃப்ரீயா எத்தனைன்னு கேட்டா நம்பர் வந்துரும். ஏஐ ஆபத்து ஆராய்ச்சியில அப்படி எண்ணிக் காட்ட ஒண்ணும் கெடையாது, நாலு பேப்பர் எழுதிருப்பாங்க, அது உருப்படியானதா குப்பையான்னு சொல்ல அந்தத் துறை ஆளுங்களுக்கே மண்டை காயும். அதனாலதான் இவங்க கணக்க இன்னும் இறுக்கிப் பிடிக்கணும்ங்கிறது என் கட்சி. வேலைய அளக்க முடியலன்னா காசையாவது அளக்கணும்ல.

அமெரிக்காவுல அதுக்கு வழி இருக்கு. வரிவிலக்கு வாங்குன தொண்டு நிறுவனங்கள்ல பெரும்பாலானவங்க வருசாவருசம் ஃபார்ம் 990ன்னு ஒண்ண அங்க இருக்குற வரி ஆபீஸ்ல தாக்கல் பண்ணணும், பொதுஜனம் யார் கேட்டாலும் காட்டணும், தொடர்ந்து 3 வருசம் தாக்கல் பண்ணாம விட்டா வரிவிலக்கு தானா ரத்தாயிரும். புரோபப்ளிகாங்கிற செய்தி நிறுவனம் இதையெல்லாம் ஃப்ரீயா தேடிப் பாக்குற மாதிரி நெட்ல போட்டு வச்சிருக்கு. மகன்கிட்ட அந்த நிறுவனத்தோட பேரத் தட்டிப் பாக்கச் சொல்லுங்க, வரவு, செலவு, பெரிய பொறுப்புல இருக்குறவங்க சம்பளம் எல்லாம் வரும்.

அந்த ஃபார்ம்ல ஆறாவது பாகத்துல ஒரு கேள்வி இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான். உங்க நிறுவனத்துச் சொத்து பெரிய அளவுல யாராலயாவது தப்பு வழியில போனது இந்த வருசம் தெரிய வந்துச்சா, ஆமான்னா என்ன நடந்துச்சுன்னு எழுதுங்கன்னு கேக்கும். இந்த ஏஐ ஆபத்து விசயத்துல மூத்த நிறுவனம்னா 2000-ல ஆரம்பிச்ச சிங்குலாரிட்டி இன்ஸ்டிட்யூட், 2013-ல மெஷின் இன்டெலிஜென்ஸ் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்னு பேர மாத்திக்கிட்டாங்க. அவங்ககிட்ட 2009-ல 1 லட்சம் டாலருக்கு மேல திருட்டுப் போச்சு, அத அந்த ஃபார்ம்லயே எழுதியும் குடுத்தாங்க. படிச்சுப் பாத்தவங்க கேள்வி கேட்டாங்க, அவங்களும் பதில் சொல்ல வேண்டியதாச்சு. திருட விட்டவங்களுக்கு எதுக்குய்யா காசுன்னு சிலர் சொல்லலாம், எனக்கு அப்படித் தோணல. நம்ம பக்கம் கிராமத்துல திருவிழா முடிஞ்சதும் வரவு செலவ நோட்டீஸ் அடிச்சு மந்தையில ஒட்டுவாங்க பாருங்க, அதுல 'மைக்செட் அட்வான்ஸ் வாங்குனவன் ஓடிட்டான், வசூல் பாக்கி'ன்னு ஒரு வரி இருந்தா அந்தக் கமிட்டிய நம்பி அடுத்த வருசமும் வரி குடுக்கலாம், 'இதர செலவு'ன்னு ஒரே மொத்தமா ஒரு பெரிய தொகை போட்டிருந்தாத்தான் யோசிக்கணும்.

கேள்வி: தொண்டு நிறுவனம்னுட்டு லட்ச லட்சமா சம்பளம் வாங்குறாங்களே, இது நியாயமா?
- இன்ஜினியரிங் மாணவர், திருப்பாலை

பதில்: தம்பி, ஆராய்ச்சி நிறுவனத்துல செலவே பெரும்பாலும் சம்பளந்தான். அரிசி மூட்டையா வாங்கப் போறாங்க? நீங்க பாக்க வேண்டியது எவ்வளவுங்கிறத விட யார் முடிவு பண்ணாங்கங்கிறது. டைரக்டரோட சம்பளத்த டைரக்டரோட மச்சானும் பங்காளியும் உக்காந்திருக்குற போர்டு ஓகே பண்ணா அது வீட்டுக் கணக்கு. போர்டுல யார் யார், அவங்களுக்குள்ள சொந்தம் பந்தம், தொழில் உறவு உண்டான்னும் அந்த 990 கேக்கும்.

கேள்வி: நன்கொடை குடுத்தவனே மோசடிக்காரன்னு பின்னாடி தெரிஞ்சா என்ன பண்றது?
- பாத்திரக்கடை வியாபாரி, சிம்மக்கல்

பதில்: இது நெசமாவே நடந்துச்சு அண்ணாச்சி. எஃப்டிஎக்ஸ்ங்கிற கிரிப்டோ கம்பெனி 2022 நவம்பர்ல திவாலாச்சு, அதோட முதலாளி சாம் பேங்க்மேன் ஃபிரைடுக்கு 2024 மார்ச்ல 25 வருசம் ஜெயில் தீர்ப்பாச்சு. ஏஐ ஆபத்து ஆராய்ச்சிக்கு அவங்க பக்கமிருந்து நெறையப் பணம் போயிருந்துச்சு. அதுல அலைன்மென்ட் ரிசர்ச் சென்டர்ங்கிறவங்க தங்களுக்கு வந்த 12.5 லட்சம் டாலர, இது அந்தக் கம்பெனியில பணம் போட்டு ஏமாந்தவங்களுக்குச் சேர வேண்டியதுன்னு சொல்லி, திருப்பிக் குடுக்குறோம்னு அறிவிச்சாங்க. ஒரே ஆள் கையில இருந்து மொத்தப் பணமும் வர்ற நிறுவனம்னா, அந்த ஆள் விழுந்தா இவங்க கதி என்னன்னும் நாம கேக்கலாம்.

கேள்வி: மகன் அங்க அனுப்புற காசுக்கு 80ஜி வரிச்சலுகை கெடைக்குமா? (மறுபடியும் திருமங்கலம் டீச்சர்)

பதில்: கெடைக்காது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு நம்ம ஊர் வரிச்சலுகை செல்லாது. புது வரித் திட்டத்துல இருக்காருன்னா உள்ளூர் டிரஸ்ட்டுக்குக் குடுத்தாலும் கெடைக்காது.

கேள்வி: டீப்ஃபேக், ஆன்லைன் மோசடி பத்தி ஊர் ஊரா விழிப்புணர்வு பண்ண நண்பர்கள் சேந்து டிரஸ்ட் ஆரம்பிச்சிருக்கோம். சிங்கப்பூர்ல இருக்குற ஊர்க்காரங்க பணம் அனுப்புறேங்கிறாங்க. வாங்கலாமா?
- மேலூர் வாசகர்

பதில்: அவசரப்படாதீங்க. அனுப்புறவரு இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருந்து சொந்தச் சம்பாத்தியத்த பேங்க் வழியா அனுப்புனா சிக்கல் இல்ல. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிட்டாருன்னா அது வெளிநாட்டுப் பணம், மாமன் மச்சானா இருந்தாலும் எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாம டிரஸ்ட் தொடக்கூடாது. பதிவு வாங்குனாலும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல கணக்குத் தொறந்து அதுலதான் வாங்கணும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்த தாண்டக்கூடாது, இன்னொரு டிரஸ்ட்டுக்குக் கைமாத்தவும் முடியாது. இதெல்லாம் 2020 திருத்தத்துல வந்தது. உள்ளூர்ல வாங்குறதுக்கும் ரொக்கமா 2000 ரூபாய்க்கு மேல வாங்குனா குடுத்தவருக்கு 80ஜி கெடையாதுன்னு முன்னாடியே சொல்லிருங்க. செக்குல ரெண்டு பேர் கையெழுத்து வைங்க, அந்த ரெண்டு பேர்ல யாரும் இல்லாம மூணாவது ஆள் மாசக் கடைசியில பேங்க் ஸ்டேட்மென்ட்ட பில்லோட வச்சு டிக் அடிக்கட்டும், காசு காணாமப் போற இடமெல்லாம் ஒரே ஆள் செக்கும் எழுதி கணக்கும் எழுதுற இடந்தான். நண்பர்களாச்சே, எப்படிக் கேக்குறதுன்னு இழுக்காதீங்க, முதல் மீட்டிங்லயே பேசி மினிட்ஸ் நோட்டுல ஏத்திருங்க.