ஏரி வரைபடம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் ஏரிப் பாதுகாப்புக் குழுவில் ஆறேழு பேர்தான் உள்ளோம், மென்பொருள் வாங்க நிதியில்லை. ஏரி வரைபடம் தயாரிக்க எப்படித் தொடங்கலாம்?

பதில்: வரைபடம் தயாரிக்க உதவும் கியூஜிஐஎஸ் (QGIS) மென்பொருள் இலவசம். ஆனால், அதைக் கற்பதற்கு முன் கரையைச் சுற்றி நடந்து மதகு, கலிங்கு, வரத்துக்கால்வாய், கழிவுநீர் கலக்கும் இடங்கள் ஆகியவற்றைக் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். கோபோ டூல்பாக்ஸ், கியூஃபீல்டு போன்ற களத்தகவல் பதிவுச் செயலிகள் இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் இயங்கும். திறந்தவெளியில் கைப்பேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் பிழையுடன் இடத்தைக் காட்டும். மர நிழலில் பிழை கூடும். எனவே, எல்லைத் தகராறுக்கு அதை நம்பாதீர்கள். அதற்குப் புலப்படமும் (வருவாய்த்துறையின் நில அளவை வரைபடம்) நில அளவரும்தான் வேண்டும்.

கேள்வி: செயற்கைக்கோள் படத்தில் நீர்ப்பரப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. இதை ஆக்கிரமிப்புக்கு ஆதாரமாகக் கொள்ளலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். சனவரியில் எடுத்த படத்தையும் மே மாதப் படத்தையும் ஒப்பிட்டால் எந்த ஏரியும் சுருங்கியதாகத்தான் தெரியும். ஒரே மாதத்தைப் பல ஆண்டுகளுக்கு ஒப்பிட்டு, அவ்வாண்டுகளின் மழையளவையும் அருகில் வைத்துப் பாருங்கள். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்துடன் (படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர்) 2015 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய நிலைக்கு 30 மீட்டர் நுணுக்கமுள்ள அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் உண்டு. நம் ஏரிகளில் பெரிய சிக்கல் ஆகாயத்தாமரை. செயற்கைக்கோள் படத்தில் நீரைப் பிரித்தறியும் கணக்கீடான நீர்க்குறியீடு (NDWI) பச்சை ஒளியையும் அண்மை அகச்சிவப்புக் கதிரையும் ஒப்பிட்டே நீரை அடையாளம் காண்பதால், ஆகாயத்தாமரை மூடிய நீரைத் தரையிலுள்ள செடிகொடி என்றே கணக்கிட்டுவிடும். வடகிழக்குப் பருவமழை மேகங்களை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடாரும் இவ்விடத்தில் தடுமாறும். படம் எடுக்கப்பட்ட நாளை ஒட்டிக் கரையில் நின்று எடுத்த ஒளிப்படம் இல்லாமல் இந்தக் கணக்கை ஆட்சியரிடம் கொண்டுசெல்ல வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: கோவையில் நாங்கள் குறித்த புள்ளிகள், நண்பரின் கணினியில் வங்கக்கடலில் விழுகின்றனவே?

பதில்: 78 பாகை தீர்க்கரேகை தமிழ்நாட்டை இரண்டு யூடிஎம் (UTM) மண்டலங்களாகப் பிரிக்கிறது; யூடிஎம் என்பது உலகை எண்ணிட்ட மண்டலங்களாகப் பிரித்து இடங்களை மீட்டரில் குறிக்கும் முறை. கோவை 43-இலும், மதுரையும் சென்னையும் 44-இலும் அமைகின்றன. நண்பர் மென்பொருளில் மண்டலத்தை 44 எனக் கொடுத்திருப்பார். அதை 43 என மாற்றினால் சரியாகிவிடும்.

கேள்வி: பறவைக் கூடுகளின் இடங்களைப் பொது வரைபடத்தில் காட்டலாமா?

பதில்: கூடாது. பொதுமக்கள் தாம் கண்ட உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளமே அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் துல்லியமான இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது. துல்லியமான இடக்குறிப்புகள் குழுவிடமே இருக்கட்டும். பொது வரைபடத்தில் ஏரியின் பெயர் மட்டும் போதும்.