‘அதெல்லாம் அண்ணனுக்குத்தான் வரும்’ என்கிறாள் மகள்

கேள்வி: பழைய கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த என் 9 வயது மகள், இப்போதெல்லாம் ‘அதெல்லாம் அண்ணனுக்குத்தான் வரும்’ என்று ஒதுங்கிவிடுகிறாள். அறிவியல், தொழில்நுட்பத்தில் அவளுக்கு மீண்டும் ஆர்வம் வர என்ன செய்யலாம்?

மென்பொருள் எழுதிப் பிழைப்பவள் நான். உங்கள் மகள் சொன்னதை ஒரு காலத்தில் நானும் முழுமையாக நம்பியிருந்ததால் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

கல்லூரியின் முதல் கணினி ஆய்வக வகுப்பில் உடன் படித்த சில மாணவர்கள் பத்தே நிமிடத்தில் நிரலை எழுதி முடித்து எழுந்துகொண்டபோது, விசைப்பலகையில் எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்த நான், அவர்களுக்குப் பிறவியிலேயே வாய்த்த ஏதோ ஒன்று எனக்கு இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன். அவர்கள் வீட்டில் பல ஆண்டுகளாகக் கணினி இருந்ததும், நான் அன்றுதான் அதைத் தொட்டேன் என்பதும் அடுத்த பருவத்தில்தான் எனக்கு உறைத்தது. பழக்கத்தைத் திறமை என்று எண்ணி ஏமாறும் இந்தக் குழப்பம்தான், பாடத்தின் கடினத்தைவிட அதிகமாகப் பெண் பிள்ளைகளை விலக்குகிறது என்பது என் கருத்து.

அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995-இல் கணினி அறிவியலில் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 விழுக்காடு. 2000-இல் 42 விழுக்காடு. அங்கே செய்த மாற்றங்களில் முக்கியமானவை இரண்டு: முன்பே நிரல் எழுதிப் பழகியிருப்பதைச் சேர்க்கையில் பெரிய தகுதியாகக் கருதுவதை விட்டார்கள்; அனுபவத்துக்கு ஏற்பத் தனித்தனித் தொடக்க வகுப்புகளையும் அமைத்தார்கள்.

பழக்கத்தில் இந்த இடைவெளி எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், சொல்லச் சங்கடமாக இருக்கிறது, நம்மிடம்தான். அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றில் பெற்றோரும் பிள்ளைகளும் பேசிக்கொண்டதைப் பதிவு செய்து 2001-இல் வெளியான ஆய்வில், ஒரு பொருள் ஏன் அப்படி இயங்குகிறது என்று மகள்களுக்கு விளக்கியதைப்போல் மூன்று மடங்கு மகன்களுக்குப் பெற்றோர் விளக்கியது தெரிந்தது. அவர்களில் எவரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, ‘மிக மிகப் புத்திசாலி’ என்றால் தம் பாலினத்தவர்தான் என்று ஐந்து வயதில் சிறுவர்களைப் போலவே சொல்லும் சிறுமிகள், ஆறு வயதிலேயே அப்படிச் சொல்லத் தயங்குகிறார்கள். ஆகவே உங்கள் மகளின் பேச்சு திடீரென்று வந்ததாக இருக்காது.

மேரி கியூரியின் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் இரண்டு நோபல் பரிசு வென்றவரைக் காட்டினால் மட்டும் ஒரு குழந்தைக்குத் துணிவு வந்துவிடாது. திருப்புளி அவள் கையில் இருக்க வேண்டும், அவள் திணறும்போது அதை வாங்கி நீங்களே முடித்துக் கொடுக்கக் கூடாது. எனக்கே இது கடினமாக இருக்கிறது. ‘நீ ஒரு விஞ்ஞானி’ என்று பட்டம் சூட்டுவதைவிட, ‘வா, சோதித்துப் பார்க்கலாம்’ என்று செயலாகச் சொல்லும்போது சிறுமிகள் கூடுதல் நேரம் ஈடுபடுவதாகவும் ஆய்வு உண்டு. பெண்களுக்கென்று இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் கருவிப்பெட்டிகளை நான் வாங்க மாட்டேன். மற்றவை அவளுக்கு உரியவை அல்ல என்று அவை சொல்லாமல் சொல்கின்றன.

அண்ணனிடமும் ஓர் உதவி கேளுங்கள். அவளுக்குச் சொல்லித்தர வேண்டாம். இதையெல்லாம் பழக அவனுக்கு எத்தனை நாள் ஆயிற்று, அதற்குள் எதையெல்லாம் உடைத்தான் என்பதை மட்டும் அவன் அவளிடம் ஒளிக்காமல் சொல்லட்டும்.