ஸ்விட்ச் மாட்டிய துப்பாக்கிக்குக் கம்பெனி பொறுப்பா? அமெரிக்கச் சட்டம்: கேள்வி பதில்

கேள்வி: கைத்துப்பாக்கியில் ஸ்விட்ச் எனும் சிறு கருவியை மாட்டி, தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கியாக மாற்றி ஒருவன் சுட்டால், தயாரித்த கம்பெனி மீது நஷ்டஈட்டு வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், நிற்பதுதான் கடினம். வேறொருவர் செய்த குற்றத்துக்காகத் தயாரிப்பாளர் மீதோ விற்பவர் மீதோ சிவில் வழக்குத் தொடுப்பதை 2005-ஆம் ஆண்டின் பி.எல்.சி.ஏ.ஏ. எனும் ஆயுத வணிகப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. விதிவிலக்குகள் ஆறு.

கேள்வி: வடிவமைப்பில் குறை என்று வாதாடினால்?

பதில்: அதுவும் அந்த ஆறில் ஒன்றுதான். ஆனால் அந்தப் பிரிவைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். ஒருவர் வேண்டுமென்றே செய்த குற்றத்தால் துப்பாக்கி சுடப்பட்டிருந்தால், தீங்குக்கு அந்தச் செயல் ஒன்றே காரணம் என்று சட்டமே முடிவுகட்டிவிடுகிறது. ஆகவே இந்த வழக்குகளுக்கு அந்தக் கதவு கிட்டத்தட்ட அடைபட்டதுதான்.

கேள்வி: அப்படியானால் கைத்துப்பாக்கித் தயாரிப்பாளரான கிளாக் மீது சிகாகோ நகரம் எப்படி வழக்குத் தொடுத்தது?

பதில்: வேறொரு விதிவிலக்கை நம்பி. துப்பாக்கி விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ பொருந்தும் ஒரு சட்டம் இருக்க வேண்டும், கம்பெனி அதைத் தெரிந்தே மீறியிருக்க வேண்டும், அந்த மீறலே தீங்குக்கு நேரடிக் காரணமாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் வழக்கு விழும். இல்லினாய் மாநிலம் 2023-இல் துப்பாக்கித் தொழிலுக்கென்றே ஒரு பொறுப்புச் சட்டம் கொண்டுவந்தது; 2024 மார்ச்சில் சிகாகோ வழக்குப் போட்டது. ஸ்விட்ச் எளிதாகப் பொருந்துவது தெரிந்தும் வடிவமைப்பை மாற்றாமல் விற்றது என்பதே குற்றச்சாட்டு. கம்பெனிக்கு எது, எப்போது தெரியும் என்று காட்டும் கம்பெனியின் உள் ஆவணங்கள்தான் இதில் உயிர்நாடி. அதே ஆண்டு டிசம்பரில் நியூ ஜெர்சியும் மினசோட்டாவும் தனித்தனியே வழக்குத் தொடுத்தன.

கேள்வி: துப்பாக்கிக் கடத்தலுக்கு அமெரிக்கக் கம்பெனிகள் உடந்தை என்று வழக்குப் போட்ட மெக்சிகோ தோற்றதே, அது இவற்றையும் பாதிக்குமா?

பதில்: ஓரளவு. 2025 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தவறு நடப்பது தெரிந்தும் சும்மா இருந்தது மட்டும் குற்றத்துக்கு உடந்தை ஆகாது என்றது. உடந்தை வாதத்தை நம்பாமல், மாநிலச் சட்டத்தை நேரடியாக மீறியதாகச் சொல்லும் வழக்கு வேறு ரகம்.

கேள்வி: ஸ்விட்சை மட்டும் வைத்திருந்தால்?

பதில்: துப்பாக்கியே இல்லாவிட்டாலும் கூட்டாட்சிச் சட்டப்படி அதுவே இயந்திரத் துப்பாக்கி. 10 ஆண்டு வரை சிறை.

கேள்வி: எளிதில் மாற்ற முடிகிறது என்பதற்காக அரசு எந்த வடிவமைப்பையும் தடுத்ததில்லையா?

பதில்: உண்டு. 1982-இல் துப்பாக்கிகளை ஒழுங்குபடுத்தும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப்., ஓப்பன் போல்ட் முறையில் (விசையை இழுக்கும் வரை தோட்டாவைத் தள்ளும் பாகம் பின்னால் நிற்கும் முறை) இயங்கிய சில மாடல்களை இயந்திரத் துப்பாக்கி என்றே வகைப்படுத்தியது. அதில் ஒன்றான கே.ஜி.-9, க்ளோஸ்டு போல்ட்டுக்கு (அந்தப் பாகம் முன்னால் மூடி நிற்கும் முறை) மாறி கே.ஜி.-99 ஆனது. நீதிமன்றப் போராட்டத்தைவிட இது நேர்வழி என்பது என் கருத்து. கலிபோர்னியாவும் 2025-இல், எளிதில் மாற்றத்தக்க கைத்துப்பாக்கிகளைக் கடைகள் விற்பதற்கு 2026 ஜூலை 1 முதல் தடை விதித்துச் சட்டம் இயற்றியது.