ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டுத் தறிகள்: கேள்வி பதில்

லண்டன் நகரின் பழைய மதிலுக்குக் கிழக்கே இருக்கும் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். இரண்டே நிபந்தனைகள். 1888 கொலைகாரனைப் பற்றி, அதாவது ஜாக் த ரிப்பரைப் பற்றி, கேட்க வேண்டாம். பழைய துணியைப் படமெடுத்துக் காட்டி "இது அங்கே நெய்ததா?" என்றும் கேட்க வேண்டாம். படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

பெயரே விநோதமாக இருக்கிறதே, பிரெஞ்சுச் சொல்லா?

இல்லை. 1197இல் அங்கே புனித மரியாள் பெயரில் மடமும் மருத்துவமனையும் கட்டினார்கள். ஹாஸ்பிடல் தேய்ந்து ஸ்பிட்டல் ஆனது. ஃபீல்ட்ஸ், அதை ஒட்டிக் கிடந்த வயல்கள்.

பிரெஞ்சு அகதிகள் வந்துதான் லண்டன்காரர்களுக்குப் பட்டு நெசவைக் கற்றுக்கொடுத்தார்களாமே?

பாதி சரி. 1685இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, புராட்டஸ்டன்ட்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நாந்த் அரசாணையை ரத்து செய்ததும் பிரான்ஸில் புராட்டஸ்டன்ட்டுகள் வாழ வழியில்லாமல் போனது. ஹியூகெனாட்டுகள் என்பது இவர்களைத்தான். சுமார் 50,000 பேர் இங்கிலாந்து வந்தார்கள் என்பது பொதுவான கணக்கு. ஆனால் லண்டன் நெசவாளர் சங்கத்துக்கு 1155லேயே அரச சாசனம் இருந்தது. ஹியூகெனாட்டுகள் வருவதற்கு முன்பே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் கொண்டுவந்தது பூவேலைப் பட்டின் நுணுக்கம், பளபளப்பு ஏற்றும் வித்தை, வியாபாரத் தொடர்புகள். மதிலுக்கு வெளியே வாடகை குறைவு, சங்கத்தின் பிடியும் தளர்வு. அதனால் அங்கே போய்க் குடியேறினார்கள்.

இந்த எச்சரிக்கையை எத்தனை முறை சொன்னாலும் எடுபடுவதில்லை: அங்கிருந்த நெசவாளர் எல்லாரும் ஹியூகெனாட் அல்ல. ஆங்கிலேயர் இருந்தார்கள், ஐரிஷ்காரர்கள் இருந்தார்கள்.

ஜக்கார்டு வருவதற்கு முன் பூவை எப்படி நெய்தார்கள்? எங்கள் வீட்டில் தறி இருந்தது, அதனால் கேட்கிறேன்.

உங்களைப் போன்றவருக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜக்கார்டு என்பது துளையிட்ட அட்டைகளை வைத்துப் பூப்போடும் கருவி. அதற்கு முன் இழுப்புத் தறியில் நெய்தார்கள். தறிக்கு இரண்டு ஆள். படத்தைக் கட்டம் போட்ட தாளில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் எந்தெந்தப் பாவு நூல் (நீளவாக்கில் ஓடும் நூல்) மேலே எழ வேண்டுமோ, அதற்கேற்ற கயிறுகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டி வைப்பார்கள். தறிக்குப் பக்கத்தில் ஒரு பையன் நின்று முறைப்படி கொத்தை இழுப்பான். பாவு பிளக்கும், நெசவாளி குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை விடுவார். பையன் ஒரு கொத்தை மாற்றி இழுத்தால் பூவில் இதழ் கோணும். ஒரு டிசைனுக்குத் தறியைத் தயார் செய்யவே வாரக்கணக்கில் ஆகும். சிக்கலான வேலை என்றால் நாளெல்லாம் நெய்தாலும் ஒரு கெஜம் தேறாது.

அந்தக் கட்டத்தாளுக்கு முந்தைய படத்தை வரைந்தவர்களில் பெரிய ஆள் ஆனா மரியா கார்த்வெயிட். 1688இல் பிறந்தவர், பாதிரியார் மகள், பிரெஞ்சு ரத்தம் கிடையாது. நாற்பது வயதில், விதவையான அக்காவோடு இங்கே குடிவந்தார். 1763இல் இறந்தார். அவர் வரைந்த 800க்கும் மேற்பட்ட படங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பலவற்றில் வாங்கிய நெசவாளியின் பெயரும் தேதியும் அவர் கைப்படவே இருக்கும். அதை வைத்துத்தான் சில பட்டுகளை இன்றும் இன்னார் நெய்தது, இன்ன ஆண்டு என்று அடித்துச் சொல்ல முடிகிறது.

பாட்டியின் பெட்டியில் பூப்போட்ட பழைய பட்டு ஒன்று இருக்கிறது. இது ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸா?

மேலே நிபந்தனை இரண்டு.

காலிகோ கலவரத்தில் பெண்களின் உடையைக் கிழித்தார்களாமே, ஏன்?

காலிகோ என்ற சொல்லே கோழிக்கோட்டிலிருந்து போனது. கிழக்கிந்தியக் கம்பெனி இறக்கிய அச்சிட்ட பருத்தித் துணி, சோழமண்டலக் கரையின் சீட்டித் துணி உட்பட, விலை குறைவு, துவைத்தால் சாயம் போகாது. பட்டின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. 1697இல் பட்டு நெசவாளர்கள் அந்தக் கம்பெனியின் அலுவலகத்தையே தாக்கினார்கள். 1700இல் சட்டம் வந்தது: கிழக்கத்திப் பட்டையும் அச்சிட்ட பருத்தியையும் உள்நாட்டில் உடுத்தக் கூடாது. வெள்ளைத் துணியை இறக்கி லண்டனிலேயே அச்சடிக்க ஆரம்பித்தார்கள். 1719இல் மறுபடி கலவரம். தெருவில் போன பெண்களின் ஆடையைக் கிழித்தார்கள், மையும் அமிலமும் ஊற்றினார்கள். 1721 சட்டம் உள்ளூரில் அச்சடித்ததையும் சேர்த்துத் தடுத்தது. 1774வரை அது இருந்தது.

அப்படியென்றால் நம் ஊர் நெசவை முதலில் அழித்தவர்கள் இவர்கள்தானே? இவர்களுக்காக ஏன் இரக்கப்பட வேண்டும்?

இரக்கப்படச் சொல்லவில்லை. ஆனால் அழித்தது இவர்கள் அல்ல. தடை பிரிட்டனுக்குள் உடுத்துவதற்குத்தான். அதே துணியை லண்டன் கிடங்கில் இறக்கி ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஏற்றுமதி செய்யத் தடையில்லை, கம்பெனி அதைச் செய்துகொண்டேதான் இருந்தது.

(முன்பு கேட்டவரே) சந்தையை மூடிவிட்டு ஏற்றுமதிக்கு விட்டேன் என்பது சப்பைக்கட்டு. மான்செஸ்டர் வளர்ந்ததே இந்தத் தடையின் நிழலில்தான்.

இரண்டாவது வாக்கியத்தை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். 1736இல், லினன் பாவும் பருத்தி ஊடையுமாக (குறுக்கு நூலுமாக) மான்செஸ்டர் வட்டாரமான லங்காஷயரில் நெய்த துணிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். இந்தியத் துணிக்குப் போட்ட வேலி, பருத்தி ஆலைக்கு நாற்றங்கால் ஆனது. ஆனால் அந்த வேலியால் பட்டுக்காரனுக்கு என்ன கிடைத்தது? அடுத்த தலைமுறை லங்காஷயர் பருத்தியைத்தான் உடுத்தியது.

(அவரே) அதற்காகப் பெண்கள் மேல் அமிலம் ஊற்றியது நியாயமா?

நியாயம் என்று நான் எங்கே சொன்னேன்? கூலியைக் குறைத்தவர் ஸ்பிட்டல் சதுக்கத்தில் பெரிய வீட்டில் இருந்தார். கோபம் தெருவில் போன வேலைக்காரப் பெண்ணின் பாவாடையில் போய் விடிந்தது. பின்னால் அந்தக் கோபம் சரியான வாசலுக்கும் போனது. 1760களில், குறைந்த கூலி கொடுத்த முதலாளிகளுக்காக ஓடிய தறிகளில் இரவில் ஏறிப் பட்டை அறுத்தார்கள். அதற்கு மரண தண்டனை என்று 1765இல் சட்டம் போட்டார்கள். 1769 டிசம்பரில் ஜான் டாயில், ஜான் வாலீன் என்ற இருவரை வழக்கமான டைபர்ன் மைதானத்தில் இல்லாமல், நெசவாளர் குடியிருந்த பெத்னல் கிரீனிலேயே தூக்கில் போட்டார்கள். எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான். ஒருவர் ஐரிஷ்காரர், இன்னொருவர் ஹியூகெனாட் வழி. மேலே சொன்ன எச்சரிக்கை ஞாபகம் இருக்கட்டும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1773இல், கூலியை நீதிபதிகளே நிர்ணயிக்கும் சட்டம் வந்தது. கூடக் கொடுத்தாலும் குறைத்துக் கொடுத்தாலும் அபராதம். சண்டை அடங்கியது. ஆனால் சட்டம் லண்டனையும் சுற்றுப்புறத்தையும் மட்டுமே கட்டியது. வேலை மெல்ல எசெக்ஸுக்கும் மக்கிள்ஸ்ஃபீல்டுக்கும் நழுவியது. 1824இல் சட்டத்தை நீக்கினார்கள், நெசவாளர்கள் மனு மேல் மனு போட்டும் பலிக்கவில்லை. 1826இல் பிரெஞ்சுப் பட்டுக்கு இருந்த தடை போய் வரி மட்டும் மிஞ்சியது. 1860இல் பிரான்ஸோடு செய்த வணிக ஒப்பந்தத்தில் வரியும் போனது. அதோடு முடிந்த மாதிரிதான்.

நெசவாளர்கள் கணக்குச் சங்கம் வைத்திருந்தது உண்மையா?

உண்மை. 1717இல் தொடங்கியது. உறுப்பினர் 64 பேர்தான், எட்டின் வர்க்கம். ஒருவர் கேள்வி கேட்டால் தெரிந்தவர் எளிமையாக விளக்க வேண்டும், தவறினால் இரண்டு பென்ஸ் அபராதம். 1845இல் ராயல் வானியல் சங்கத்தோடு இணைந்தது. கண்ணாடி வில்லைகளுக்குப் பேர்போன ஜான் டாலண்டும் இங்கே தறியில் உட்கார்ந்தவர்தான்.

ஃபோர்னியர் தெருவில் மாடி ஜன்னல் பெரிதாக உள்ள வீடுகளில்தானே ஏழை நெசவாளர் வாழ்ந்தார்கள்?

அவை முதலாளி வீடுகள் ஐயா. மாடியில் தறி இருந்திருக்கலாம், ஆனால் கூலிக்கு நெய்தவர்களில் பெரும்பாலோர் பெத்னல் கிரீன் பக்கத்துச் சின்ன வீடுகளில் இருந்தார்கள். அவை பெரும்பாலும் இடிபட்டுவிட்டன.

அந்தத் தெருமுனை மசூதி முன்பு தேவாலயமா?

ஆமாம். 1743இல் ஹியூகெனாட் தேவாலயம், 1819இல் மெதடிஸ்ட், 1898இல் யூதர்களின் ஜெபக்கூடம், 1976 முதல் மசூதி. சுவரில் உள்ள பழைய சூரியக் கடிகாரத்தில் லத்தீனில் "நாம் நிழல்" என்று இருக்கும்.

இதோடு இணைத்திருக்கும் படத்தைப் பாருங்கள், அக்கா கல்யாணப் பட்டு, இது அங்கே நெய்ததா?

நிபந்தனை இரண்டு.

கொலைகாரன் நெசவாளியாக இருந்திருப்பானா?

இரண்டு பென்ஸ் கட்டிவிடுகிறேன். அடுத்தவர்?